வழுக்கையும் மனசும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எனக்கு 27 வயது. இரண்டு வருடமாக முன்நெற்றி ஏறிக்கொண்டே போகிறது. குளித்துவிட்டு வந்தால் உதிர்ந்த முடியை எண்ணாமல் இருக்க முடியவில்லை. பைக்கை நிறுத்தினால் கை தானாக மிரரைத் திருப்புகிறது. நெருங்கிய நண்பன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "ஆம்பளைக்கு எதுக்குடா முடி?" என்கிறார் அப்பா. நான்தான் அதிகமாக அலட்டிக்கொள்கிறேனா? - பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: இல்லை தம்பி. இருபதுகளில் முடி கொட்டும்போது வரும் துக்கம் நிஜமானது. "ஆம்பளைக்கு எதுக்கு" என்ற பேச்சு அதை வாய்விட்டுச் சொல்லவும் விடுவதில்லை. முடி வளர்ந்தால் மனசு தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். எந்த மருந்தானாலும் பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். தலைக்கும் மனசுக்கும் வைத்தியத்தைச் சேர்த்தே தொடங்குங்கள்.

முதலில் எண்ணுவதை நிறுத்துங்கள். தினமும் 50 முதல் 100 முடி எல்லோருக்கும் உதிரும். இரண்டு நாள் தலைக்குக் குளிக்காவிட்டால் தேங்கியதெல்லாம் மூன்றாம் நாள் மொத்தமாக வரும். எண்ணுகிறவர் அன்றைக்குப் பதறிப்போவார். ஈரத்தலையில் முடி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்வதால் இடையில் தோல் தெரியும். நேர் மேலே எல்.இ.டி. விளக்கும் எரிந்தால் அடர்த்தியான தலைகூடச் சொட்டையாகத் தெரியும். அதனால் குளியலறைக் கண்ணாடியை நம்பாதீர்கள். மாதம் ஒரு தடவை, காய்ந்த தலையோடு, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் முன்பக்கம், உச்சி, இரண்டு ஓரங்கள் என 4 படம் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் ஒப்பிடுங்கள்.

மிரரைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் அடுத்த தடவையும் பார்க்க வைக்கிறது. கை போகும்போது 10 நிமிஷம் தள்ளிப்போடுங்கள். பதற்றம் ஏறும், பிறகு தானாக இறங்கும். அது இறங்குவதை நீங்களே பார்ப்பது முக்கியம்.

அடுத்து, தவிர்க்கும் இடங்களையெல்லாம் எழுதி, எவ்வளவு பயம் என்று 10-க்கு மார்க் போடுங்கள். தொப்பியில்லாமல் டீக்கடைக்குப் போவது 3 என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். கல்யாண மண்டபம் 9 என்றால் அது கடைசி. பதற்றம் பாதியாகக் குறையும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது கிளம்பிவிட்டால், ஓடி வந்ததால்தான் தப்பித்தோம் என்று மனசு எடுத்துக்கொள்ளும்.

அப்பாவிடம், "தீர்வு சொல்ல வேண்டாம்ப்பா, இதைப் பற்றிக் கிண்டல் மட்டும் வேண்டாம்" என்று ஒரே ஒருமுறை நேராகச் சொல்லுங்கள்.

தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதே நினைப்பு, வேலைக்கு மட்டம், தூக்கமின்மை என்று போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: முடி வளரத் தலையில் தடவும் மினாக்சிடில் 5% மருந்தைப் போட ஆரம்பித்து மூன்று வாரம். முன்பைவிட அதிகமாகக் கொட்டுகிறது. முடி கொட்டுவதைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடச் சொல்கிறான் நண்பன். எனக்கு முன்பு மனச்சோர்வு இருந்தது. - வாசகர், மதுரை.

பதில்: முதல் 2 முதல் 8 வாரங்களில் இப்படிக் கொட்டுவது வழக்கம். ஓய்வில் இருந்த முடியைப் புது முடி வெளியே தள்ளுகிறது. பயந்து நிறுத்துகிறவர்கள்தான் பலனை இழக்கிறார்கள். காய்ந்த தலையில், முடியில் படாமல் தோலில் படும்படி, ஒரு வேளைக்கு 1 மி.லி. வீதம் இரண்டு வேளை போடுங்கள். படுப்பதற்கு முன் நன்றாகக் காயட்டும்.

ஃபினாஸ்டரைடு விஷயம் வேறு. 1 மி.கி. மாத்திரை பலருக்கு உதவுகிறது. சிலருக்குப் பாலுணர்வு குறையும், மனம் சோர்ந்துபோகும். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதிசெய்தது. அதனால் நண்பர் பேச்சைக் கேட்டு மெடிக்கலில் வாங்காதீர்கள். பழைய மனச்சோர்வைத் தோல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதிக்கொடுத்தால், வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும். நம் முகம் வாடுவது நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். மனநிலை சரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு 22 வயது, முன்பக்கம் வழுக்கை. வரன் பார்க்கும் முன் முடி நடவு செய்துவிடலாமா? - ஒரு தாய், திருச்சி.

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. பின்னந்தலையிலிருந்து எடுக்கும் முடிக்கு அளவு உண்டு. நட்டது நிற்கும், அதன் பின்னாலிருக்கும் சொந்த முடி தொடர்ந்து கொட்டும். முப்பது வயதில் முன்னால் ஒரு திட்டு, பின்னால் வெறுமை என்று ஆகிவிடும். ஒரு வருடமாவது மருந்தில் நிலைப்படுத்திய பிறகு யோசிக்கலாம். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்து, மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் முளைக்கும். முழுப் பலன் தெரியச் சுமார் ஒரு வருடம் ஆகும். அவசரக் கல்யாணத்துக்கு இது உதவாது.

அதற்கு முன், அவனுக்கு இது வேண்டுமா என்று கேட்டீர்களா? வரனுக்குக் கொடுக்கும் படம் இந்த மாதம் எடுத்ததாக இருக்கட்டும். கல்லூரிக் காலத்துப் படத்தைக் கொடுத்துவிட்டால், பெண் பார்க்கப் போகும் அன்று கூச்சத்தோடு உட்கார வேண்டியவன் அவன்தான்.