டானிக் இருக்கட்டும், பால் டம்ளரை எண்ணுங்கள்

கேள்வி: என் மூத்த மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். பிறந்தபோது 2.8 கிலோ, முதல் பிறந்தநாளில் 8.7 கிலோ, இப்போது 11.3 கிலோ. சாப்பாடு என்றாலே ஓடுகிறான். செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறான். அதுவும் மிக்ஸியில் அடித்த சாதத்துக்கு மட்டும். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பாலாவது குடிக்கிறானே என்று ஒரு நாளைக்கு ஐந்து முறை சர்க்கரை போட்டுப் பாட்டிலில் கொடுக்கிறேன். மலச்சிக்கலும் இருக்கிறது. சேட்டை அதிகம், சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறான், பூஜை மாடத்துத் திருநீற்றை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறான். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மணி மூன்றரை ஆகிவிடுகிறது. "பக்கத்து வீட்டுப் பிள்ளை எப்படிக் கொழுகொழுவென்று இருக்கிறான், உனக்கு ஊட்டத் தெரியவில்லை" என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் பசி டானிக் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பத்து நாள் நன்றாகச் சாப்பிட்டான். நிறுத்தியதும் பழைய கதைதான். நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கரூர்

பதில்: டானிக் கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். படித்தபோது என் கண் நின்றதோ சுண்ணாம்பிலும் திருநீற்றிலும். சேட்டைக் கணக்கில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அது நோய்க்குறி. மண், சாம்பல், சுண்ணாம்பு, பச்சரிசி, சிலேட்டுக் குச்சி என்று உணவல்லாததைத் தேடித் தின்னும் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்தை. "வயிற்றில் பூச்சி" என்று வீட்டில் சொல்வார்கள். பூச்சி மருந்தும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டியதுதான், அங்கன்வாடியிலேயே கிடைக்கும். ஆனால் அதோடு விஷயம் முடிந்துவிடாது. ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கு முன் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் எடை. நீங்கள் எழுதிய மூன்று எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதல் 12 மாதங்களில் 5.9 கிலோ கூடியிருக்கிறான். அடுத்த 16 மாதங்களில் 2.6 கிலோதான். பதறத் தோன்றும். ஆனால் எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் வளர்கின்றன. முதல் பிறந்தநாளில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு, இரண்டாவது பிறந்தநாளையொட்டி நான்கு மடங்கு, அதன் பிறகு பல வருடங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறைகிறது. பத்து மாதத்தில் கிண்ணத்தைக் காலி செய்த பிள்ளை இரண்டு வயதில் தலையைத் திருப்பிக்கொள்வது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி இந்த வயது ஆண் குழந்தைக்கு 10.2 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். அந்த அட்டவணை வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்துப் போட்டது என்று சிலர் சொல்வதுண்டு. 2006-இல் வெளியான அதற்கு அளவெடுக்கப்பட்ட ஆறு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. தெற்கு டெல்லிக் குழந்தைகளும் அதில் இருக்கிறார்கள். உங்கள் மகன் ஒரு வயதில் வளர்ச்சி வரைபடத்தின் எந்தக் கோட்டையொட்டி இருந்தானோ ஏறக்குறைய அதே கோட்டையொட்டித்தான் இன்றும் இருக்கிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேறு கோட்டில் போகிறான், அவ்வளவுதான். அடுத்த முறை பேச்சு வந்தால், தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடத்தை மாமியாரிடம் விரித்துக் காட்டுங்கள். பாட்டிமார்கள் கோட்டை நன்றாகவே புரிந்துகொள்வார்கள். யாரும் உட்கார்ந்து காட்டுவதில்லை என்பதுதான் குறை.

இனி பால். ஐந்து முறை என்கிறீர்கள். பாட்டிலுக்கு 200 மில்லி என்றால் ஒரு லிட்டர். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் போன்ற ஆறு சதவீதக் கொழுப்புள்ள பாலென்றால் லிட்டருக்கு எண்ணூற்று ஐம்பது கலோரிக்கு மேல். ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை இன்னொரு நூறு. இந்த எடையுள்ள குழந்தைக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே ஆயிரம் கலோரிக்குச் சற்று முன்பின்தான். ஆக, உங்கள் மகன் சாப்பிடாமல் இருக்கவில்லை. சோற்றுத் தட்டு வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிறான். வயிறு நிறைந்த பிள்ளையின் பின்னால்தான் ஒன்றரை மணி நேரம் கிண்ணத்தோடு அலைகிறீர்கள். என்னிடம் "சாப்பிடவே மாட்டேன் என்கிறான்" என்று வரும் குழந்தைகளில் பாதிப் பேரின் பிரச்சினை பால் கணக்கைக் கேட்டதுமே புரிந்துவிடுகிறது. பாலைக் குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வருவதில்லை, எனக்கும்தான். ஆனால் அந்த ஒரு லிட்டரில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இவனுக்கு நாளொன்றுக்கு எட்டு மில்லிகிராம் வேண்டும். போதாததற்கு, மற்ற உணவில் வரும் இரும்பையும் பாலின் கால்சியமும் புரதமும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கின்றன. இரும்பு குறையக் குறையப் பசி மந்திக்கிறது. பசி இல்லை என்று மேலும் பால் கொடுக்கிறோம். மலச்சிக்கலும் பெரும்பாலும் இதே கணக்கில்தான் சேரும்.

கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் ரத்தசோகை இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆகவே இது உங்கள் வளர்ப்பின் குறை அல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிடலாம்; முடிந்தால் முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். இவன் வயதில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. 11-க்கு மேல் இருந்து ஃபெரிட்டின் குறைவாக இருந்தாலும் இரும்பு தேவைதான். அங்கன்வாடியில் வாரம் இரு முறை ஒரு மில்லி கொடுக்கும் இரும்புச்சத்து சிரப் தடுப்புக்கானது. குறைபாடு வந்துவிட்டால் அது போதாது. எடைக்கேற்ற அளவில் தினமும், குறைந்தது மூன்று மாதமாவது, மருத்துவர் எழுதித் தருவார். பாலோடு கலந்து கொடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள். பற்களில் கறை பிடிக்காமல் இருக்க நாக்கின் பின்பக்கம் விட்டு, மேலே தண்ணீர் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது ஒன்று உண்டு: அந்தப் பாட்டிலைக் குழந்தை கையில் எட்டும்படி வைத்து, அவன் இனிப்பு என்று மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பூட்டி வையுங்கள். உங்கள் இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே விதிதான். சுவரில் பழைய பெயின்ட் உதிர்ந்துகொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் ஈயம் இருக்கக்கூடும்.

உணவில் இரும்பு என்றால் பலரும் பீட்ரூட்டையும் பேரீச்சம்பழத்தையும் சொல்வார்கள். பீட்ரூட்டின் நிறம் ரத்தத்தின் நிறம், அவ்வளவுதான் உறவு. அசைவம் சாப்பிடும் வீடானால் ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் நம் பாட்டிமார் கண்டுபிடித்த உண்மையான டானிக். வாரம் ஒரு முறை, நன்றாக வேகவைத்து, கட்டைவிரல் அளவு போதும். சைவமானால் பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கீரை, கம்பு. கூடவே கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால்தான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த டானிக்கின் லேபிளைப் பாருங்கள். அநேகமாக சைப்ரோஹெப்டடின் என்றிருக்கும். அது ஒவ்வாமைக்கான மருந்து. பசியைக் கிளறுவது அதன் பக்கவிளைவு, தூக்கம் இன்னொரு பக்கவிளைவு. நிறுத்தினால் பசியும் நின்றுவிடும். அந்தப் பத்து நாள் அனுபவம் உங்களுக்கே இருக்கிறது. சில நோய்களில் நாங்கள் அதைக் கொடுப்பதுண்டு, இவனுக்கு அது வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. ஆனால் முதல் வாரம் கடினமாக இருக்கும். பால் நாளைக்கு 400 மில்லி, டம்ளரில், சாப்பாட்டுக்குப் பிறகு. காலை ஒன்று, மாலை ஒன்று. மூன்று நான்கு நாளுக்கு ஒன்றாகக் குறைத்து வாருங்கள். முதலில் நிறுத்த வேண்டியது இரவுத் தூக்கத்தில் கொடுக்கும் பாட்டில், அது பல்லைக் கெடுக்கும். அவன் மேலுதட்டைத் தூக்கி முன்பற்களைப் பாருங்கள்; ஈறோரம் வெள்ளையாகவோ பழுப்பாகவோ கோடு தெரிந்தால் பல் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். மூன்று இரவு, நான்கு இரவு அழுவான். தண்ணீர் கொடுங்கள், தட்டிக்கொடுங்கள். கைக்குழந்தையும் எழுந்துவிடும் என்பது தெரியும். ஆகவே கணவர் வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். பெரியவனைத் தட்டித் தூங்கவைக்கும் வேலை அவருடையது.

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு சிறு தீனி. இவற்றுக்கு இடையில் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். தாத்தா டீக்கடையிலிருந்து வாங்கிவரும் பன்னும் வேண்டாம். உங்களோடு தரையில் உட்காரட்டும், தனித்தட்டு. ஒரு சின்ன இட்லி வையுங்கள், கேட்டால் இன்னொன்று. மிக்ஸியை மறந்துவிடுங்கள். ஒன்பது பத்து மாதத்திலேயே மென்று தின்னப் பழகியிருக்க வேண்டிய பிள்ளை, நாளாக நாளாகக் கட்டியான உணவைக் கண்டு பயப்படும். ஒரேயடியாக மாற்றாமல் கையால் மசித்து, பிறகு குழைத்து, பிறகு சாதாரணமாக. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை மட்டும் இன்னும் சில வருடங்களுக்கு வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கிக்கொள்ளும். மேலே, கீழே, தலைமுடியில் எல்லாம் சோறாகும். நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைச் சங்க காலத்து அரசனே பாடியிருக்கிறான். ஒரு பழைய சேலையை விரித்துப்போட்டு விடுங்கள். இருபத்தைந்து நிமிடம் ஆனதும், சாப்பிட்டானோ இல்லையோ, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தட்டை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை பால் கிடையாது. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் மனம் இளகி எல்லாம் பாழாகிறது.

செல்போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் குழந்தைக்கு வாயில் என்ன இருக்கிறது, வயிறு நிறைந்ததா என்பது தெரியாது. மெல்லாமல் விழுங்குவான், புரையேறும். இரண்டு முதல் ஐந்து வயதுக்கு நாள் முழுவதும் சேர்த்தே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் அகாடமியின் அறிவுரை. சாப்பாட்டு நேரத்தில் அதுவும் வேண்டாம். உங்கள் போனும், கணவர் போனும் வேறு அறையில் இருக்கட்டும்.

பட்டினி கிடந்துவிடுவானோ என்ற பயம் வரும். 1920-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவில் க்ளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் ஒரு சோதனை செய்தார். சிகாகோவில் அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள் முன் முப்பதுக்கும் மேற்பட்ட எளிய உணவுகளைத் தட்டுத் தட்டாக வைத்து, யாரும் வற்புறுத்தாமல் அவர்களையே எடுக்கவிட்டார். ஒருநாள் ஒரு குழந்தை ஒரே பொருளைத் தின்னும், மறுநாள் அதைத் தொடவே தொடாது. பார்க்கப் பைத்தியக்காரத்தனம், ஆனால் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். சூட்சுமம் உணவுப் பட்டியலில் இருக்கிறது என்று அவரே சொன்னார். அதில் சர்க்கரை இல்லை, பிஸ்கட் இல்லை. என்ன, எப்போது என்பது உங்கள் முடிவு. எவ்வளவு என்பது அவன் முடிவு. புதிய காய் ஒன்றைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் பார்த்த பிறகே சில பிள்ளைகள் தொடுவார்கள். என் மகள் ஒரு மாதம் முழுக்கத் தயிர்ச் சாதம் தவிர எதையும் தின்னவில்லை. குழந்தை மருத்துவரான நானும் அந்த மாதம் அவள் பின்னால் கிண்ணத்தோடு ஓடியவன்தான்.

எடை குறையத் தொடங்கினாலோ, மூன்று மாதமாக ஏறாமலே நின்றாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமினாலோ, அடிக்கடி வாந்தி, விடாத பேதி, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் அல்லது இருமல் இருந்தாலோ, வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலோ நான் மேலே சொன்னதை நம்பிக் காத்திருக்காதீர்கள். உணவு மறுப்போடு பேச்சும் வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலும் நேரில் காட்ட வேண்டும்.

கடைசியாக, மூன்றரை மணிச் சாப்பாடு. இனி அவன் தட்டு வைக்கும்போதே உங்கள் தட்டும் வைக்கப்பட வேண்டும். அவன் மிச்சம் வைத்ததை நின்றபடி வழித்துச் சாப்பிடுவதைச் சாப்பாடு என்று கணக்கில் சேர்க்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. சின்னவனுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. மகனுக்கு ரத்தம் எடுக்கும் அன்றே உங்களுக்கும் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், அலமாரியில் எத்தனை மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன என்று ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.