மாமனார் சாயும் சுவரும் அடுப்படிப் பிசுக்கும்

கேள்வி: வில்லாபுரத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். ஹாலில் மாமனார் கீழே உட்கார்ந்து சுவரில் சாய்ந்துதான் டிவி பார்ப்பார். தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர். அவர் சாயும் இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறை படிந்துவிட்டது. சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கறை போகவில்லை, சுவரின் பச்சை நிறம்தான் துணியில் வந்தது. அடுப்படியிலும் டைல்ஸுக்கு மேலே பெயின்ட் மஞ்சளாகிக் கையில் ஒட்டுகிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வருவதற்குள் என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, மதுரை

பதில்: முதலில் மண்ணெண்ணெயை மறந்துவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அது ஆபத்து. ஆபத்தில்லாத இடத்தில் போட்டாலும் அதுவும் ஓர் எண்ணெய்தானே, தன் பங்குக்கு ஒரு கறையையும் வாடையையும் விட்டுவிட்டுத்தான் போகும். தின்னரும் வேண்டாம். பிசுக்கைவிட முதலில் பெயின்ட்தான் கரையும்.

துணியில் பச்சை வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஈரத்துணியால் லேசாகத் தேய்த்ததும் நிறம் கையோடு வந்தால் அது பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்ற பொடிப் பூச்சு, இல்லையென்றால் வெள்ளையடித்த சுவர். நிறம் வராமல் தண்ணீர் மேலேயே வழிந்தால் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்) அல்லது எனாமல் (பளபளப்பான ஆயில் பெயின்ட்). எதைப் போட்டுக் கழுவலாம் என்று தேடுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். அடுப்படிச் சுவரிலும் ஒரு மூலையில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். நிறம் வரவில்லை என்றால் அங்கே வேலை சுலபம்.

தாளிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி சுவரில் படிந்து, தூசியும் சேர்ந்து, நாளாக ஆக வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். அதனால்தான் தேய்த்தால் வராது, ஊறினால்தான் வரும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன் போதும். மெல்லிய பருத்தித் துணியை அதில் நனைத்துப் பிழிந்து பிசுக்கின்மேல் ஐந்து நிமிடம் ஒட்டி வையுங்கள். பிறகு ஸ்பாஞ்சின் மெத்தென்ற பக்கத்தால் துடைத்து, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை. பிசுக்கு மிச்சமிருந்தால் மறுபடி ஊற வையுங்களே தவிர, நார் எடுத்துத் தேய்க்காதீர்கள். சமையல் சோடாவும் நைசான உப்புத்தாள்தான். மினுமினுப்பில்லாத பெயின்டில் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும்.

கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலே ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் கீழே காய்ந்த சுவரில் கோடு கோடாக இறங்கும், அந்தக் கோட்டை எடுப்பது தனி வேலை. நம் ஊர் சித்திரை வெயிலில் சோப்புத் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் காலையிலேயே, ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு முழ அகலமாகப் பிரித்துச் செய்யுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும், கடைசித் துடைப்புக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். ஸ்விட்ச் போர்டு பக்கம் போகுமுன் மெயினை அணைத்துவிடுங்கள்.

எலுமிச்சை, வினிகர் என்றும் சிலர் சொல்வார்கள். புளிப்புக்கு எண்ணெய் அவ்வளவாக மசியாது, சுண்ணாம்புச் சுவராக இருந்தால் சுவரையே அரிக்கும். சீயக்காய் எண்ணெயை எடுக்கும்தான், ஆனால் அதன் பழுப்பு நிறம் சுவரில் ஏறிவிடும். அது மாமாவின் தலைக்கே இருக்கட்டும்.

இனி ஹால். இங்கே உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமான பதில்தான். டிஸ்டெம்பர் என்பது சாக்பீஸ் மாதிரித் தூளில் கொஞ்சம் பசை சேர்ந்த பூச்சு. சூடு ஆறிய எண்ணெயில் போட்ட பஜ்ஜி மாதிரி எண்ணெயைக் குடித்துக்கொள்ளும். புதிதாகப் பட்ட கறை என்றால் முகப் பவுடரைத் தடவி ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் மென்மையான பிரஷால் தட்டிவிடலாம். அல்லது வெள்ளைத்தாளை வைத்து, குறைந்த சூட்டில் அயர்ன் பாக்ஸை லேசாக ஒற்றினால் தாள் எண்ணெயை இழுக்கும். (செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.) வருஷக்கணக்கில் ஊறிய கறை இதில் மங்கும், போகாது. அதற்குமேல் தேய்த்தால் சுவர்தான் தேயும்.

ஆகவே அந்த ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்துவிடுங்கள். ஆனால் கறையின்மேல் நேரே அடிக்க விடாதீர்கள். தண்ணீர் கலந்த பெயின்ட் எண்ணெயின்மேல் சரியாகப் பிடிக்காது, சில நாளில் கறை மறுபடி மேலே தெரியும். முழுச் சுவரையும் நிறம் உதிராத அளவுக்கு உப்புத்தாள் போட்டுத் தூசி துடைத்து, பெயின்டுக்கு அடியில் பூசும் ஆயில் பிரைமர் ஒரு கோட் கொடுத்து, ஒரு ராத்திரி காய விட்டு, அதன்பின் இரண்டு கோட். "எல்லாம் பெயின்டிலேயே மறைந்துவிடும்மா" என்று பெயின்டர் சொல்வார், பிரைமரை நீங்களே வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள். கறை இருந்த இடத்துக்கு மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை முழுச் சுவரும் அடிக்க வேண்டும். இந்தத் தடவை டிஸ்டெம்பருக்குப் பதில் துடைக்கக்கூடிய எமல்ஷனாக வாங்குங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. பழைய வீடுகளில் இடுப்பு உயரத்துக்கு எனாமல் பட்டை அடித்திருப்பார்களே, அதுவும் இந்தத் தலை எண்ணெய்க்கு நல்ல ஏற்பாடுதான். மூன்று நாளில் முடிகிற வேலை, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் ஆரம்பித்தால் வாடையும் போய்விடும்.

மாமாவிடம் எண்ணெய் வைக்காதீர்கள், சாயாதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போகாதீர்கள். அவர் சாயும் உயரத்தில் ஆணியடித்து ஒரு சின்னக் கோரைப்பாயைத் தொங்க விடுங்கள், மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவலாம். மிச்சமாகும் எமல்ஷனைச் சின்ன டப்பாவில் இறுக மூடி, மூடியின்மேல் ஷேடு நம்பரை எழுதி வையுங்கள்.