சிம் உங்கள் பெயரில், பேசியது வேறொருவர்: போலீஸ் நோட்டீஸுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: என்னோடு வேலை பார்த்த நண்பர், தனக்கு ஆதாரில் பிரச்சினை என்று சொல்லி என் பெயரில் மூன்று சிம் வாங்கித் தரச் சொன்னார். கூடப்பிறந்தவன் போல நம்பி வாங்கிக் கொடுத்தேன். ஒவ்வொரு சிம்முக்கும் 500 ரூபாய் கொடுத்தார். இப்போது அதில் ஒரு எண்ணிலிருந்து யாரையோ ஏமாற்றி 1,40,000 ரூபாய் பறித்துவிட்டார்களாம். வேறு மாநில சைபர் கிரைம் போலீஸிடமிருந்து வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருக்கிறது. நண்பர் போனை எடுப்பதில்லை. ஏற்கெனவே எனக்கு அவர் தர வேண்டிய 40,000 ரூபாய் கடன் பாக்கி வேறு. அவர்மேல் வழக்குப் போட முடியுமா? ‘அது என் நம்பர் இல்லை’ என்று அரசு இணையதளத்தில் பதிந்துவிட்டால் தப்பிக்கலாமா?

பதில்: நண்பரின் துரோகம், கடன் பாக்கி எல்லாவற்றையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அவர்மேல் வழக்குப் போடுவது அப்புறம். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரு வரிதான், அதையும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: சிம்முக்கு 500 ரூபாய்.

உதவிக்காகச் சிம் கொடுத்தவருக்கும் காசுக்குச் சிம் கொடுத்தவருக்கும் இடையில் ரொம்ப தூரம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி மோசடி, ஏமாற்று, ஆள்மாறாட்டம் மூலம் சிம் பெறுவது மூன்றாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம். சொந்த ஆதாரைக் கொடுத்துத்தானே வாங்கினேன், இதில் ஆள்மாறாட்டம் எங்கே என்று நீங்கள் வாதிடலாம். வலுவான வாதம்தான். ஆனால் பிறருக்குக் கைமாற்றவே வாங்கிவிட்டு, தனக்கு என்று கையெழுத்துப் போட்டது மோசடி என்று அரசுத் தரப்பு சொல்லும். அந்த 1,500 ரூபாய் ஜிபே மாதிரி ஏதாவது செயலியில் வந்திருந்தால் அது ஏற்கெனவே அவர்கள் கோப்பில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட இணையதளம் சஞ்சார் சாத்தி. உங்கள் பெயரில் உள்ள எண்களைக் காட்டி, ‘என் எண் அல்ல’, ‘தேவையில்லை’, ‘தேவை’ என்று மூன்று வாய்ப்பு தரும். வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் விழுந்திருக்கிறார்கள். பதற்றத்தில் முதல் பொத்தானை அழுத்திவிட்டு, கையில் ஆதாரம் இருப்பதாக நிம்மதியாக வருவார்கள். அப்புறம் விசாரணை அதிகாரி கேஃப் என்கிற வாடிக்கையாளர் படிவத்தை மேஜைமேல் வைப்பார். கடையில் உட்காரவைத்து எடுத்த போட்டோ, எடுத்த தேதி, நேரம், எல்லாம் அதில் இருக்கும். அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஏமாந்த ஆள் இல்லை, பொய் சொன்ன ஆள். சிம் கொடுத்ததை ஒத்துக்கொண்டவருக்கு வாதாட எனக்கு நாலு வழி இருக்கும். வாங்கவே இல்லை என்று பதிந்துவிட்டு வருகிறவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

உங்களைக் காப்பாற்றக்கூடியது சிடிஆர், அதாவது அழைப்புப் பதிவு. அதில் ஒவ்வொரு அழைப்புக்கும் எதிரே, சிம் எந்தக் கருவியில் இருந்தது என்று காட்டும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும், எந்த டவரைப் பிடித்தது என்று காட்டும் செல் ஐடியும் இருக்கும். ஏமாற்று அழைப்புகள் போன கருவி உங்களுடையது இல்லை, அந்த நேரத்தில் அந்த டவர் பக்கமே நீங்கள் இல்லை என்றால், பேசியது நீங்கள் இல்லை என்று காட்டலாம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: சிம் ஆக்டிவேட் ஆனதா என்று பார்க்க உங்கள் போனில் ஒருமுறை போட்டீர்களா? போட்டிருந்தால் அழைப்போ எஸ்எம்எஸ்ஸோ, முதல் வரியே உங்கள் ஐஎம்இஐயாக இருக்கலாம். நீங்களே முதலில் சொல்லிவிட்டால் அது ஒரு விஷயமே இல்லை. ‘என் போனில் போடவே இல்லை’ என்று வாக்குமூலம் கொடுத்த பிறகு வெளியே வந்தால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். இந்தப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 கடைசியில் உரிம விதியை மாற்றினார்கள். அதனால் அழிந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

நோட்டீஸ் விஷயம். பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 179-ஆம் பிரிவு என்றால் சாட்சி, 35(3) என்றால் உங்கள்மேல் சந்தேகம். எது என்று பார்த்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். 35(3) நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சரி, அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். நோட்டீஸின்படி ஆஜராகிறவரைக் கைது செய்ய அதிகாரி தனியாகக் காரணம் எழுத வேண்டும். ஆஜராகாதவரைக் கைது செய்வது அவருக்குச் சுலபம். வெளிமாநிலப் பயணம் என்பதால் புறப்படும் முன்பே முன்ஜாமீன் பற்றி முடிவெடுங்கள்.

பணத்தை இழந்தவருக்கு நீங்களாகப் போன் செய்து மன்னிப்புக் கேட்காதீர்கள். நல்ல மனதோடு செய்தாலும் அந்த உரையாடல் பதிவாகி, சாட்சியைக் கலைக்கப் பார்த்தார் என்று திரும்பி வரும். குற்றம் சாட்டப்பட்டவராகவே உங்களைச் சேர்த்துவிட்டால், வழக்கறிஞர் மூலம், இழந்த பணத்தைத் தந்து சமரசம் பேசுவதுதான் என் யோசனை. ஏமாற்றுக் குற்றம், ஏமாந்தவர் சம்மதித்தால், நீதிமன்ற அனுமதியோடு சமரசமாகக்கூடியது. தொலைத்தொடர்புச் சட்டப் பிரிவையும் சேர்த்திருந்தால், வழக்கை ரத்து செய்யக் கேட்டு உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். எடுக்காத பணத்தை நான் ஏன் தர வேண்டும் என்று கோபம் வரும். வெளிமாநிலக் கோர்ட்டுக்கு வருடக்கணக்கில் வாய்தாவுக்குப் போய்வரும் செலவோடு அந்தத் தொகையை ஒப்பிட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

மீதி இரண்டு சிம்மும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதை மறந்துவிட்டீர்கள். இணையதளத்தில் அவற்றுக்கு ‘தேவையில்லை’ என்று பதியுங்கள், பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு விசாரணை அதிகாரிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். இன்றைக்கே.