குட்டி போட்ட தாய்ப்பன்றிக்குத் தினமும் 3 கிலோ தீவனம் போட்டும் இளைத்துக்கொண்டே போகிறது. ஏன்?

நோய், குடற்புழு எதுவும் இல்லையென்றால், தீவனம் போதவில்லை, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிலோ பன்றிக்கு உடலைப் பேணவே நாளுக்குச் சுமார் 5,800 கிலோ கலோரி வேண்டும். 10 குட்டிகள் சேர்ந்து நாளுக்கு 2.2 கிலோ எடை கூடினால், அதற்கு ஏறக்குறைய 9 கிலோ பால் சுரக்க வேண்டும். தீவனத்திலிருந்து பாலுக்குப் போகும் எரிசக்தியில் 70 சதவீதம்தான் பாலாகிறது, மீதி உடல்சூடாகப் போய்விடும். ஆக, பாலுக்கு மட்டும் 14,000. மொத்தம் 20,000 பக்கம். நல்ல அடர்தீவனம் கிலோவுக்கு 3,200 தரும் என்றால் 6 கிலோவுக்கு மேல் வேண்டும். நீங்கள் போடுவது அதில் பாதி.

மீதியைத் தாய் தன் முதுகுக் கொழுப்பையும் தசையையும் கரைத்துக் கொடுக்கிறது. பாலை அவ்வளவு சீக்கிரம் குறைக்காது. அதனால்தான் குட்டிகள் கொழுகொழுவென்று இருக்க, தாய்க்கு இடுப்பெலும்பு துருத்துகிறது. முதல் ஈத்துப் பன்றிக்கு இன்னும் மோசம். அது தானும் வளர வேண்டுமே.

தாய்க்கு 1.5 முதல் 2 கிலோ, குட்டி ஒன்றுக்கு அரை கிலோ என்று கணக்கு வையுங்கள். குட்டி போட்ட அன்றே கொட்டாதீர்கள், மடி கட்டிக்கொள்ளும். 1.5 கிலோவில் தொடங்கி தினம் அரை கிலோ கூட்டினால் பத்துப் பன்னிரண்டு நாளில் முழு அளவு வந்துவிடும். புரதம் 16–18 சதவீதம், லைசின் (புரதத்தில் உள்ள ஒரு அமினோ அமிலம்) 1 சதவீதத்தை ஒட்டி. தவிட்டை அள்ளிப் போட்டால் வயிறு நிறையும், சத்து சேராது. மலச்சிக்கல் வராத அளவுக்கு இருந்தால் போதும்.

தின்ன மறுத்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். நாளுக்கு 20–40 லிட்டர் குடிக்கும். பன்றி தண்ணீர் குடிக்கும் குழாய் நிப்பிளை அழுத்தி ஒரு நிமிடம் வாளியில் பிடியுங்கள்; 2 லிட்டராவது விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் எந்த டானிக்கும் உதவாது. அடுத்தது வெக்கை. 25 டிகிரியைத் தாண்டினாலே தீனி குறையும். விடியற்காலையிலும் இரவிலும் பெரும்பங்கைப் போடுங்கள், புளித்த மிச்சத்தை வழித்தெடுங்கள். தீவனத்தில் 3–5 சதவீதம் எண்ணெய் சேர்க்கலாம்; செரிக்கும்போது சூடு குறைவு, கலோரி அதிகம். சினையில் அளவுக்கு மீறிக் கொழுத்த பன்றியும் குட்டி போட்டபின் சரியாகத் தின்னாது.

பால் மறக்கடித்ததும் மடி வற்றட்டும் என்று பட்டினி போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். 4–7 நாளில் பருவத்துக்கு வர வேண்டிய பன்றி அது. இணை சேர்க்கும்வரை 3 கிலோ குறையாமல் போடுங்கள்.