தாத்தா காலத்து 16 கேஜ் துப்பாக்கி இன்றைய வேட்டைக்கு ஏற்றதா?

கேள்வி: உரிமம் பெற்றுப் பல ஆண்டுகளாக 12 கேஜ் துப்பாக்கியால் பறவை வேட்டையாடி வருகிறேன். நாயுடன் நடந்தே கௌதாரியும் காடையும் தேடுவது என் வழக்கம். நண்பர் ஒருவர், தம் தாத்தா வைத்திருந்த ஜெர்மன் தயாரிப்பான 16 கேஜ் இரட்டைக்குழல் துப்பாக்கியை எனக்குத் தர முன்வந்திருக்கிறார். பழமை மீதுள்ள ஆசையைத் தவிர இதில் உண்மையான பயன் ஏதேனும் உண்டா? 28 கேஜ் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: பயன் உண்டு. ஆனால் பெரும்பாலோர் தேடுகிற இடத்தில் அது இல்லை. கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு. 16 கேஜ் குழலிலிருந்து புறப்படும் ஈயச் சிறுகுண்டு, 12 கேஜிலிருந்து புறப்படுவதைவிட வேகமாகப் பறப்பதுமில்லை, வலுவாகத் தாக்குவதுமில்லை. ஒரே அளவும் ஒரே வேகமும் கொண்ட சிறுகுண்டு எந்தக் குழலிலிருந்து வந்தாலும் பறவையின் மீது செய்யும் வேலை ஒன்றுதான். மாறுபடுவது, ஒரு தோட்டாவில் எத்தனை சிறுகுண்டுகள் அடங்குகின்றன என்பதும், அவற்றைச் சுடுவதற்கு எவ்வளவு எடையை நாள் முழுவதும் சுமந்து நடக்க வேண்டியிருக்கிறது என்பதும்தான்.

ஒரு பவுண்டு ஈயத்தைச் சம எடையுள்ள 16 உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்று எந்தக் குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்துமோ அது 16 கேஜ். அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் குறுகுகிறது: 12 கேஜின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 கேஜுக்கு 16.8, 20 கேஜுக்கு 15.6, 28 கேஜுக்கு 14. 16 கேஜின் வழக்கமான தோட்டாவில் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் ஈயம் இருக்கும். அந்த அளவு இந்தக் குழலுக்குள் ஏறக்குறைய அகலத்துக்குச் சமமான உயரத்தில் நிற்கிறது. அடுக்கு உயரமாக இல்லாததால், சுடும் கணத்தில் அடியிலுள்ள சிறுகுண்டுகள் குறைவாகவே நசுங்கி, பரவல் சீராக இருக்கும் என்பது பழைய வேட்டைக்காரர்களின் உறுதியான கருத்து. கருத்து சரியானதே. ஆயினும் கெட்டிப்படுத்திய ஈயமும், சிறுகுண்டுகளைத் தாங்கும் பிளாஸ்டிக் கிண்ணமும் வந்த பிறகு அந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிவிட்டது. அதே 28 கிராமை உங்கள் 12 கேஜிலும் சுடலாம், களத்தில் வேறுபாடு எதையும் உணர மாட்டீர்கள்.

ஆகவே மிஞ்சுவது எடை. துப்பாக்கியின் எடை அது சுடும் ஈயத்தைப் போல் 96 மடங்கு இருந்தால் உதைப்பு தாங்கத்தக்கதாக இருக்கும் என்பது ஆங்கிலேயத் துப்பாக்கிக் கைவினைஞர்களிடையே வழங்கிய ஒரு கணக்கு. அதன்படி 28 கிராமுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ போதும். 32 கிராம் சுடும் 12 கேஜுக்கு 3 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். இந்த அரைக்கிலோவுக்கும் குறைவான வேறுபாடு கடையில் தூக்கிப் பார்க்கும்போது அற்பமாகத் தோன்றும். புதர்மேடுகளில் ஐந்து மணி நேரம் நடந்த பிறகு, நாய் நின்று சுட்டிக்காட்டிய இடத்திலிருந்து கௌதாரிக் கூட்டம் வெடித்துக் கிளம்பும்போது, துப்பாக்கி தோளுக்கு எவ்வளவு விரைவாக வந்து அமர்கிறது என்பதில்தான் அது தெரியும். என் மதிப்பீட்டில் 16 கேஜின் ஈர்ப்பு முழுவதும் அந்த ஒரு கணத்தில் இருக்கிறது. ஒரு நிபந்தனையும் உண்டு: 16 கேஜ் குழல்களை 12 கேஜின் உடற்பகுதியில் பொருத்திச் செய்த துப்பாக்கிகளும் ஏராளம். அவற்றில் எடை குறைவதில்லை. எனவே நண்பரின் துப்பாக்கியை முதலில் தராசில் வையுங்கள். 3 கிலோவைத் தாண்டினால், உங்கள் 12 கேஜை விட்டு இதற்கு மாறக் காரணமே இல்லை.

இத்தகைய துப்பாக்கி ஏன் அரிதாயிற்று என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஸ்கீட் என்னும் களிமண் தட்டுச் சுடும் போட்டியில் 12, 20, 28, .410 (மிகக் குறுகிய குழல், எண் அங்குலத்தில்) ஆகியவற்றுக்கே தனிப் பிரிவுகள் அமைந்தன. 16 கேஜுக்கு இடமில்லை. பின்னர் மூன்று அங்குலத் தோட்டாவுடன் வந்த 20 கேஜ், அதன் வேலையையும் செய்யத் தொடங்கியது. வேட்டையில் தோற்றதால் அது ஒதுக்கப்படவில்லை என்பதை நீங்கள் நம்பிக்கையுடன் ஏற்கலாம். பிரவுனிங் நிறுவனம் 1930களில் புகழ்பெற்ற தன் ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ என்ற பெயரை 2016இல் புதிய 16 கேஜ் துப்பாக்கிக்கு மீண்டும் சூட்டியதே, அந்த விருப்பம் அணையவில்லை என்பதைக் காட்டுகிறது.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. ஐரோப்பாவில் செய்யப்பட்ட பழைய 16 கேஜ் துப்பாக்கிகளில் தோட்டா அறையின் நீளம் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இன்று எளிதில் கிடைக்கும் தோட்டாக்களோ 70 மில்லிமீட்டர். இந்த 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாக்கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் அது குட்டையாகவே இருக்கும், 65 மில்லிமீட்டர் அறைக்குள் தடையின்றி நுழையும், துப்பாக்கியும் சரியாக மூடிக்கொள்ளும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் குழல் குறுகும் பகுதிக்குள் நெருக்கப்பட்டு, அழுத்தம் பாதுகாப்பான அளவைத் தாண்டி உயரக்கூடும். ‘போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது’ என்பது இங்கே ஒரு சோதனையே அன்று. குழல்களின் அடிப்புறத் தட்டையான பகுதியில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள்: 16/65 அல்லது 16/70 என்று பொறித்திருக்கலாம். எதுவும் இல்லையெனில், துப்பாக்கி பழுதுபார்க்கும் தேர்ந்தவரிடம் அளவுகோலால் அளக்கச் சொல்லுங்கள். 65 என்று தெரிந்தால் அதற்கென்றே தயாராகும் தோட்டாக்களை வரவழைத்துக்கொள்ளுங்கள். அறையைக் குடைந்து நீட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது குழற்சுவரை மெலியச் செய்யும், மறுபடியும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தவும் வேண்டியிருக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அளக்கும்போதே குழற்சுவரின் கனம், உட்புறக் குழிவுகள், பூட்டின் இறுக்கம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குழலின் மேற்பரப்பில் அலையலையான வரிகள் தெரிந்தால், அது இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அப்படிப்பட்டவை பெரும்பாலும் கரிமருந்துக் காலத்தவை. புகையில்லா மருந்துக்கு (இன்றைய தோட்டாக்களில் உள்ள வெடிமருந்து) சோதிக்கப்பட்ட முத்திரை இல்லாதவரை அதில் இன்றைய தோட்டாவை ஏற்றவே கூடாது.

ஈயத்துக்குத் தடையுள்ள இடங்களில் வேட்டையாடுபவரானால் இன்னொரு சிக்கல் எழும். அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதல் ஈரநிலங்களில் கூடாது. எஃகுச் சிறுகுண்டு கெட்டியானது, மெல்லிய பழைய குழல்களையும் இறுக்கமான சோக்கையும் (பரவலைக் குவிக்கக் குழல்முனையில் அமைந்த குறுக்கம்) அது கெடுத்துவிடும். பிஸ்மத் என்னும் உலோகச் சிறுகுண்டு மென்மையானது, அடர்த்தியிலும் எஃகைவிட ஈயத்துக்கு நெருங்கியது. விலை கூடுதலானாலும் பழைய துப்பாக்கிக்கு அதுவே உகந்தது.

28 கேஜைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது இனிமையான துப்பாக்கி. உதைப்பு மிகக் குறைவு, 21 கிராம் ஈயம் 25 மீட்டருக்குள் காடைக்குத் தாராளம். ஆனால் அமெரிக்க 6ஆம் எண் சிறுகுண்டு ஓர் அவுன்ஸில் சுமார் 225 இருக்கும் என்றால், இதில் கிடைப்பது 170க்கும் குறைவு. தொலைவு கூடும்போது பரவலில் இடைவெளி விழுந்து, பறவை காயத்தோடு தப்பிப் போகும். நெருங்கிய பறவையை மட்டும் சுடுவேன் என்ற உறுதி உள்ளவருக்கே அது பொருந்தும். உங்களுக்குக் கௌதாரியும் வேண்டும் என்பதால் 16 கேஜே என் தேர்வு. .410ஐத் தொடக்கநிலையாளருக்குக் கொடுப்பது பரவலான தவறு. அது மிகத் தேர்ந்தவரின் கருவி. 24, 32 கேஜ்களுக்குத் தோட்டா கிடைப்பதே அரிது. 10 கேஜ் வாத்து, தாரா வேட்டைக்கானது, நடந்து செல்பவருக்கு வீண் பாரம்.

வாங்கினால் உங்கள் 12 கேஜ் தோட்டாக்களும் 16 கேஜ் தோட்டாக்களும் ஒரே சட்டைப் பையில் கலக்காமல், தனித்தனிப் பையில் வைக்கும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளுங்கள். களத்துக்குப் போகுமுன் பெரிய தாள்களை நிறுத்தி 20, 30, 35 மீட்டர்களில் இரு குழல்களையும் தனித்தனியே சுட்டுப் பாருங்கள். பழைய ஜெர்மன் துப்பாக்கிகளில் சோக் இறுக்கமாகவே இருக்கும் என்பதால், 20 மீட்டரில் பரவல் மிகச் சிறிய வட்டமாகக் குவியுமானால், பிளாஸ்டிக் கிண்ணம் இல்லாமல் நார் அடைப்பான் (மருந்துக்கும் சிறுகுண்டுக்கும் இடையிலுள்ள தடுப்பு) வைத்த தோட்டாவை மாற்றிச் சோதியுங்கள்.