மீன் காட்டும் கருவிக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மண்டபத்தில் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். நண்டு வலையும் சாளை வலையும் போடுகிறேன். ஏஐ மூலம் மீன் இருக்கும் இடத்தைச் சொல்லும் செயலியையும், ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் எக்கோ சவுண்டரையும் சேர்த்து ஒரு லட்சத்துக்குத் தருகிறார்கள். கடனும் அவர்களே வாங்கித் தருகிறார்கள், மாதத் தவணை. டீசல் மிச்சம், கடலுக்கும் நல்லது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: டீசல் மிச்சமாக வாய்ப்பு உண்டு. கடலுக்கு நல்லதா என்பதைத் தீர்மானிக்கப் போவது செயலி அல்ல, அந்த மாதத் தவணை.

ஐதராபாத்தில் இருக்கும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம், கடல்மேல் வெப்பத்தையும் நுண்பாசியின் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் இடங்களை இலவசமாகத் தமிழிலேயே அறிவிக்கிறது. இது சாளை, அயிலை, சூரை போல மேல்தண்ணீரில் திரியும் மீன்களுக்குச் சரி. தரையில் கிடக்கும் நண்டுக்கு உதவாது. மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது; ஐப்பசி, கார்த்திகையில் பல நாள் தகவல் வராமல் போகலாம். உங்களுக்கு விற்கும் செயலி இதற்கு மேல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

ஏஐயே மின்சாரத்தை விழுங்குகிறதே என்பார்கள். உண்மைதான், 2024-இல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் தரவு மையங்களுக்குப் போனது. ஆனால் ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. நீங்கள் தினம் ஒரு லிட்டர் குறைத்தாலே செயலிக்கு ஆகும் மின்சாரம் அதன் முன் தூசு.

சிக்கல் கடனில்தான். செலவு குறைந்தால், முன்பு கட்டுப்படியாகாத நாளிலும் கடலுக்குப் போகத் தோன்றும். திறமையான எந்திரம் வந்ததும் நிலக்கரிச் செலவு கூடுகிறது என்று 1865-இலேயே ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் காட்டினார். தவணைத் தேதியும் நெருங்கிவிட்டால், வயிற்றில் மஞ்சள் முட்டையோடு ஏறும் சினை நண்டைத் திருப்பி விட யாருக்கு மனம் வரும்? வலைக் கண்ணும் சின்னதாகிக்கொண்டே போகும்.

பணம் கடலைக் காக்கவும் செய்யும். பாக் நீரிணையில் கடல் தரையை வாரும் இழுவைமடியைக் குறைக்க 2017-இல் வந்த ஆழ்கடல் படகுத் திட்டத்தில் 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம், வங்கிக் கடன் 16 லட்சம், சொந்தப் பணம் 8 லட்சம். நோக்கம் நல்லது. ஆனாலும் செலவும் தவணையும் பலரைத் தயங்க வைத்தன. சூரை படாத மாதத்திலும் வங்கி காத்திருக்காதே.

அதனால் இந்தப் பருவம் இலவசத் தகவலை மட்டும் வைத்துத் தொழில் பாருங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சாளை நாட்களில் கிலோவுக்கு ஆகும் டீசல் குறைந்தால் சவுண்டரை மட்டும் வாங்குங்கள். ஆழமும் தரையும் தெரிவதால் பாரில், அதாவது கடலடிப் பாறையில், வலை கிழிவதும் குறையும். கடன் தேவைப்பட்டால், மீன்படும் மாதங்களில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் கட்டும்படி வங்கியில் கேட்டுப் பாருங்கள். டீசல், ஐஸ் செலவுக்குக் கிசான் கடன் அட்டை இருக்கிறது: 7 சதவீத வட்டி, ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி. வியாபாரியிடம் முன்பணம் மட்டும் வேண்டாம். மீனை அவரிடமே போட வேண்டியிருக்கும், விலையும் அவர் சொன்னதுதான்.

தென்கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. செயலியில் அந்த எல்லை ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். பூங்காவுக்குள் வலை விட்டு மாட்டினால் வழக்கு உங்கள் மேல்தான்.