அம்மாவின் எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறது

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக மூன்று சுற்று கீமோதெரபி முடிந்திருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. இனிப்புதான் புற்றுக்குத் தீனி என்று உறவினர்கள் சொன்னதால் சர்க்கரை, பால், சோறு மூன்றையும் நிறுத்திவிட்டோம். முள் சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு, மஞ்சள் கேப்சூல் கொடுக்கிறோம். சிகிச்சை தொடங்கும்போது 61 கிலோ இருந்தவர் இப்போது 54 கிலோ. சென்ற வாரம் ஆசைப்பட்டுக் கேட்டார் என்று ரவா லட்டு கொடுத்துவிட்டேன். அதனால் கட்டி வளர்ந்துவிடுமா? எனக்கும் இந்த நோய் வராமலிருக்க என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: வளராது. அந்த லட்டுக்காக நீங்கள் ஒரு நிமிடம்கூட வருந்த வேண்டாம்.

புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக இழுக்கின்றன என்பது உண்மை. ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே அதைக் கண்டறிந்தார். புற்று உடலில் எங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுப்பதும் அந்த அடிப்படையில்தான். ஆனால் சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினியால் சாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது பொய். சாப்பாட்டில் வராத குளுக்கோஸைக் கல்லீரல் தானே தயாரித்துக்கொள்ளும். அதற்காகத் தசையில் உள்ள புரதத்தை எடுக்கும். கட்டிக்கு வேண்டியது எப்படியும் கிடைத்துவிடும். கரைவது அம்மாவின் கையும் காலும்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 54 என்ற எண். 61 கிலோவில் ஏழு கிலோ என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். சிகிச்சையின்போது இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே நாங்கள் விசாரிக்கத் தொடங்குவோம். கீமோ மருந்தின் அளவையே உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறோம். உடல் இளைத்தால் பக்கவிளைவுகளைத் தாங்க முடியாது, அடுத்த சுற்று தள்ளிப்போகும், சில நேரம் மருந்தையே குறைக்க வேண்டிவரும். ஆகவே அடுத்த சுற்று வரை காத்திருக்காதீர்கள். இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரைப் பார்த்து எடைக் கணக்கைச் சொல்லுங்கள். உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். குமட்டலா, வாய்ப்புண்ணா, மலச்சிக்கலா, எது சாப்பிட விடாமல் தடுக்கிறது என்று அம்மாவிடம் கேட்டு அதையும் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து இருக்கிறது.

சோறும் பாலும் இன்றே திரும்பி வரட்டும். அம்மாவின் எடைக்கு நாளொன்றுக்கு 65 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். மீன், கோழி, பருப்பு, தயிர், வேர்க்கடலை, சுண்டல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சேர்க்க வேண்டும். மூன்று வேளை தட்டு நிறையப் போட்டால் பார்த்ததுமே வெறுப்பு வரும்; இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகக் கொடுங்கள். சத்துமாவுக் கஞ்சியைத் தண்ணீருக்குப் பதில் பாலில் காய்ச்சி, ஒரு கரண்டி நெய் விடுங்கள். சூடான சாப்பாட்டின் வாசனை குமட்டினால் ஆறிய தயிர்சாதம் இறங்கும். வாய்ப்புண் இருந்தால் மிளகாயும் புளியும் வேண்டாம். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்கலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

கஷாயத்தையும் கேப்சூலையும் நிறுத்துங்கள். முள் சீத்தாவில் உள்ள ஒரு பொருள் நரம்புகளைக் கெடுக்கக்கூடியது. குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. ஆனால் மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, கீமோ மருந்துகள் பலவும் அதே கல்லீரல் வழியாகத்தான் போகின்றன. இதையெல்லாம் மருத்துவரிடம் மறைத்துக் கொடுப்பதை என்னால் ஏற்கவே முடியாது. பாட்டில்களை அப்படியே எடுத்துச் சென்று காட்டுங்கள். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் கீமோவால் குறைந்திருக்கும் நாட்களில் பச்சையாக அரைத்த புல் சாறு கிருமியை உள்ளே அனுப்பும் வழி. அரைவேக்காட்டு முட்டையும் அப்படித்தான்.

உங்களுக்கு: நோயே வராமல் தடுக்கும் காயோ பழமோ கிடையாது. எடை கூடாமல் பார்த்துக்கொள்வதும், தினமும் நடப்பதும், மதுவைத் தொடாமலிருப்பதும் மார்பகப் புற்றுக்கான வாய்ப்பைக் குறைக்கும். மார்பகப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்குவது என்று அம்மாவின் மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவாக இருந்தாலும், நீங்களாக மாத்திரை எதுவும் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.